சத்தம் போடாத பம்ப்பும் பத்து இறாலும்

திருமூர்த்தி மூன்றாவது தடவையாக எண்ணினார். மூன்றாவது தடவையும் ஒன்பதுதான் வந்தது.

"அழகிரி, நேத்து நாம பத்து விட்டமா, ஒம்பது விட்டமா?"

"பத்துங்ணா. பத்தாவது உங்க கையில இருந்து நழுவி என்ர செருப்புக்குள்ள போச்சே. அதுக்குள்ள மறந்துபோச்சுங்களா?"

மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் கடல் தண்ணீர், அடியில் நான்கு விரல் கனத்துக்கு மணல், ஒரு மூலையில் தேங்காய் அளவுக்கு ஒரு பம்ப். திங்கட்கிழமை காலையில் இவற்றோடு பத்து இறாலும் இருந்தன. மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பும்போதும் பத்து இருந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்றைக் காணோம்.

கோவை கணபதியில் திருமூர்த்தியின் பட்டறைக்கு இருபத்திரண்டு வயது. அத்தனை வருடமும் அவர் அடுத்தவர்களின் பம்ப்புக்கு லேத்தில் இம்பெல்லர் கடைந்து கொடுத்தார். இம்பெல்லர் என்பது பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். சக்கரம் அவருடையது, பம்ப்பின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் வேறு யாருடையதாவது. இப்போதுதான் முதல்முறையாகத் தன் பெயரைப் போட்டு ஒரு பம்ப் செய்திருந்தார்.

அது கடல் மீன் வளர்க்கும் தொட்டிகளுக்கான பம்ப். உப்புத் தண்ணீரில் இரும்பு ஒரு மாதம் தாங்காது. அதனால் தண்ணீர் படும் இடத்தில் அவர் உலோகமே வைக்கவில்லை. மோட்டாரை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். பெட்டிக்கு உள்ளே ஒரு காந்தம் சுற்றும். வெளியே, தண்ணீருக்குள், இம்பெல்லரில் பதித்த இன்னொரு காந்தம் அதைப் பார்த்துத் தானும் சுற்றும். நடுவில் சுவர் இருக்கிறது, துளை இல்லை. துளை இல்லாததால் கசிவு இல்லை. உரசல் இல்லாததால் சத்தமும் இல்லை. தண்ணீருக்குள்ளேயே வாங்கித் தண்ணீருக்குள்ளேயே விடுவதால் மேலே ஒரு சலசலப்பும் கிடையாது. காதை ஒட்டி வைத்தாலும் அது ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

வாங்குவதாகச் சொன்னவர் கீதா. கோவையிலும் திருப்பூரிலும் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கடல் மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பவர். பம்ப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"பாக்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இதுக்கு முன்னால மூணு பம்ப்பு வாங்கி, மூணும் என்ர தொட்டியில இருந்த குட்டி மீனையெல்லாம் உறிஞ்சிப்போட்டுது. நீங்க பத்து இறாலை விட்டு இதை ஓட்டுங்க. சனிக்கிழமை வாரேன். ஒண்ணையும் இழுக்கலைன்னா இனி என்ர தொட்டி எல்லாத்துக்கும் உங்க பம்ப்புதான்."

அதற்காகத்தான் உக்கடம் மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நாகூர் மீரானைப் பிடித்து, பொன்னானியிலிருந்து வரும் அவருடைய மீன் வண்டியில் இரண்டு டிரம் கடல் தண்ணீர் வரவழைத்தார். டிரம்மின் அடியில் கடல் மணலும் வந்தது. கலங்கிப்போன கடைசிக் கால் டிரம்மை நான்கு பேர் தூக்கி அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்கள். தெளிய ஒரு நாள் ஆனது. அப்புறம்தான் இறாலை விட்டார்கள்.

இப்போது அதில் ஒன்று இல்லை.

திருமூர்த்திக்கு ஒரு கொள்கை உண்டு. பட்டறையில் எது கெட்டாலும் முதலில் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும். மனிதனைச் சந்தேகப்பட்டால் சண்டைதான் வரும், மெஷினைச் சந்தேகப்பட்டால் விடை வரும். ஆகவே பம்ப்பைக் கழற்றினார். உள்ளே இறாலும் இல்லை, இறாலின் மீசையும் இல்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் டீ வடிகட்டி ஒன்றை வாங்கி வந்து, பம்ப் தண்ணீர் இழுக்கும் வாயில் கட்டினார்.

பட்டறைச் சுவரில் அவர் கைப்பட எழுதிய மூன்று அறிவிப்புகள் ஏற்கெனவே இருந்தன. செல்போன் பேசிக்கொண்டு லேத் ஓட்டக் கூடாது. கடைசியாகப் போகிறவர் எல்லா சுவிட்சையும் அணைக்கவும். ஆயில் துணியை வாஷ்பேசினில் போடக் கூடாது. நான்காவதாக ஒரு தாளை ஒட்டி அதில் எழுதினார்: 'திங்கள் மாலை பத்து. செவ்வாய் காலை ஒன்பது. பம்ப் இரவு பகல் ஓட்டம்.'

புதன்கிழமை காலை எட்டு.

அதோடு வடிகட்டியின் மேல் ஓர் இறாலின் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. தலை, கால், மீசை எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே சதை மட்டும் இல்லை. திருமூர்த்தி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அழகிரி, பம்ப்பு இறாலை உள்ள இழுத்து, சதையை மட்டும் எடுத்துக்கிட்டு ஓட்டைத் துப்பியிருக்குது."

அழகிரிசாமி லேத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். பதினெட்டு வருடமாக அவருடன் இருப்பவர்.

"பம்ப்பு இறால் உரிக்குதுன்னா மீன் தொட்டிக்கு எதுக்குங்ணா விக்கோணும்? பிரியாணிக் கடைக்காரங்க வரிசையில நிப்பாங்களே."

திருமூர்த்தி சிரிக்கவில்லை. இழுக்கும் வேகம் அதிகம் என்று முடிவு செய்து, இம்பெல்லரை லேத்தில் மாட்டி விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் சீவினார். இம்பெல்லர் சிறுத்தால் இழுவை குறையும். குறைந்தது. வடிகட்டியில் பாசியும் தீனியும் அடைத்து மீதி இழுவையும் போனது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி மங்கியது.

பட்டறையைக் கூட்டுகிற பழனாத்தாள் விளக்குமாறோடு வந்து கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் திறப்பதும் மாலை எல்லோரும் போனபின் பூட்டிச் சாவியை எதிர் டீக்கடையில் கொடுப்பதும் அவர்தான்.

"ஏனுங்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்..."

போன மாதம் இப்படித்தான் ஆரம்பித்துப் பழநி போகப் பத்து நாள் லீவு கேட்டார். திருமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, எதுவா இருந்தாலும் சனிக்கிழமை சொல்லுங்க. அதுவரைக்கும் என்ர மண்டையில இறாலைத் தவிர எதுக்கும் இடமில்லை."

"சரிங்க, சனிக்கிழமை சொல்றனுங்க" என்று பழனாத்தாள் போய்விட்டார்.

அன்று இரவு பட்டறையிலேயே தங்கிக் காவல் காக்கலாமா என்று வீட்டில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். மனைவி நந்திதா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, மாப்பிள்ளை ராத்திரியில இறாலுக்குக் காவல் கெடக்குறாருன்னு எங்கப்பனூட்டுல தெரிஞ்சா நான் எப்புடிங்க தலை காட்டுவேன்?"

காவல் திட்டம் அத்தோடு முடிந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு. இறால் துள்ளும், துள்ளி வெளியே விழுந்திருக்கும், பூனை தின்றிருக்கும் என்று அழகிரிசாமி சொன்னார். செருப்பு அனுபவம் அவரை இறாலின் துள்ளல் விஷயத்தில் ஒரு வல்லுநர் ஆக்கியிருந்தது. உடனே தொட்டியின் மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அதன் மேல் கனமான பழைய இரும்பு வார்ப்படம் ஒன்றைத் தூக்கி வைத்தார்கள். காற்று போக வழியில்லாமல் தண்ணீர் சூடானது. மிச்சமிருந்த ஏழு இறாலும் மேலே வந்து பலகையை முட்டின.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து. ஒரே இரவில் இரண்டு.

திருமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தார். வடிகட்டி போட்டாயிற்று, இழுவையைக் குறைத்தாயிற்று, மூடியும் போட்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு கணக்கு மோசமாகத்தான் ஆகியிருக்கிறது. அதில் ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் நடுவில் ஒரு நாளும் எண்ணிக்கை குறையவில்லை. குறைந்ததெல்லாம் மாலைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில். பம்ப்புக்கு ராத்திரி பகல் தெரியுமா என்ன?

பலகையைத் தூக்கிவிட்டு, வேலை பார்க்கும் டியூப்லைட்டைத் தொட்டிக்கு மேலே இழுத்துக் கட்டினார். அப்போதுதான் மணலில் அந்த இரண்டு உருண்டைகளைப் பார்த்தார். மிளகு அளவு. பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மினுங்கின.

"அழகிரி, வார்ப்படத்தைத் தூக்கி வெச்சீங்களே, அதுல பழைய பேரிங் ஏதாச்சும் ஒட்டிட்டு இருந்துச்சா? ரெண்டு பால்ஸ் உள்ள உழுந்து கெடக்குது."

பேரிங்கில் இருக்கும் எஃகு உருண்டையைத்தான் சொன்னார். எஃகு உப்புத் தண்ணீரில் துருப் பிடித்து, துரு காந்தத்தில் ஒட்டி, காந்தம் இம்பெல்லரை நிறுத்தி... அவர் மனம் கடகடவென்று ஓடியது. லேத் தொட்டியில் விழும் திருகாணி எடுக்கும் காந்தக் கோலை எடுத்து வந்து, ஸ்டூலில் ஏறி, கையை முழங்கைவரை விட்டு, உருண்டைகளுக்கு மேலே நீட்டினார்.

உருண்டைகள் காந்தத்தில் ஒட்டவில்லை. ஒன்று காந்தத்தைப் பார்த்தது. இன்னொன்று தனியாகத் திரும்பித் திருமூர்த்தியைப் பார்த்தது. பிறகு இரண்டும் மணலுக்குள் இறங்கிவிட்டன.

பதினெட்டு வருடத்தில் முதலாளி ஸ்டூலிலிருந்து விழுந்து அழகிரிசாமி பார்த்தது அன்றுதான்.

நாகூர் மீரானுக்குப் போன் போயிற்று. போட்டோ அனுப்புங்கள் என்றார். அனுப்பினார்கள். "வெறும் மணலை அனுப்பியிருக்கீங்களே மூர்த்திண்ணே" என்றார். இன்னும் நான்கு அனுப்பினார்கள். நான்கும் மணல்தான் என்று சொல்லிவிட்டு, மதியம் கடையை மகனிடம் விட்டுவிட்டு அவரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

மீரான் தொட்டியை மேலிருந்து பார்க்கவில்லை. டார்ச்சை வாங்கி, கண்ணாடியின் பக்கவாட்டில் மணல் மட்டத்துக்கு வைத்து அடித்தார். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மணலும் மணல் போர்த்தியதும் ஒன்றுதான். பக்கத்திலிருந்து அடித்தால் சிறு மேடுகூட நிழல் போடும். நிழல் ஒரு கோடாக விழுந்தது. கோடு வளைந்து வளைந்து ஒரு பூவரச இலையின் வடிவமாக முடிந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும்.

"தட்டை மீனுங்க. டிரம்முல மணலோட மணலா வந்துருக்குது. அல்லா, என்னைக் கேக்காம என்ர வண்டியில டிக்கெட் இல்லாம வந்துருக்குது பாருங்க."

ஒரு குச்சியால் அந்தக் கோட்டின் ஓரத்தை மெல்லத் தொட்டார். மணல் எழுந்தது. எழுந்த மணலுக்கு அடியில் ஒரு கணம் பளீரென்ற வெள்ளை வயிற்றுப்பக்கம் தெரிந்தது. அது அலை மாதிரி நெளிந்து இரண்டடி போய் இறங்கியது. ஓரத்துச் சிறகை விசிறி மாதிரி அடித்துத் தன் மேல் மணலை வாரிப் போட்டுக்கொண்டது. திருமூர்த்தி கண்ணை இமைக்காமல் பார்த்தார். அப்படியும் அது எங்கே போயிற்று என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்குதே பாய். ஊனமுங்களா?"

மீரானுக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது பிறக்கும்போது மற்ற மீன் மாதிரி நிமிர்ந்துதான் நீந்தும், இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண் என்று சரியாகத்தான் இருக்கும் என்றார். சில வாரத்தில் ஒரு கண் தலையைச் சுற்றிக்கொண்டு நகர்ந்து மறுபக்கம் வந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் கண் இல்லாத பக்கத்தைத் தரையில் வைத்துப் படுக்கைதான். மேல் பக்கம் எந்த மணலில் கிடக்கிறதோ அந்த நிறத்துக்கு மாறிக்கொள்ளும். கீழ்ப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள், அதனால் அது வெள்ளை.

"நாக்கு மீன்னு விப்பீங்களே, அதுங்களா?"

"அதுக்குச் சொந்தக்காரன், அது இல்லீங்க. நாக்கு மீன் நீளமா நாக்கு மாதிரியே இருக்கும், வாலு உடம்போட ஒட்டிப்போயிருக்கும், வாயும் சின்னது. இதுக்கு வாலு தனியா நிக்குது பாருங்க. வாய் பெருசு. தாடை தொங்குற பக்கம் உங்களைப் பாத்த மாதிரி வெச்சுப் பாத்தா தலை உங்க இடது கைப் பக்கம் வரும், அதனால இது இடக்கண்ணு மீன். பேரு கடற்கரைக்குக் கடற்கரை மாறும், குணம் மாறாது. பகல்ல படுத்துக் கெடக்கும், இருட்டுனா எந்திரிச்சு வேட்டைக்குப் போகும். இறால்னா உசிரு."

திருமூர்த்தி மெதுவாக எழுந்து நின்றார்.

"அப்ப அந்த ஓடு?"

"இறால் வளர்றப்ப சட்டையைக் கழட்டுமுங்க, பாம்பு மாதிரி. அதைக் கண்டு பயந்துட்டீங்களா?"

அழகிரிசாமி திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். இழுவையைக் குறைத்து, தண்ணீரைக் கலக்கி, பலகை போட்டுச் சீக்கிரமே இருட்டவைத்து, அந்த மீனுக்கு வேண்டிய வசதி எல்லாம் நான்கு நாளாகச் செய்து கொடுத்தது யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிடித்து வெளியே எடுத்துவிடலாம் என்றால் அது நடக்கவில்லை. வலையை இறக்கினால் மணல் கலங்கும், தெளியும்போது மீன் வேறு இடத்தில் இருக்கும். எந்த இடம் என்பதற்கு மறுபடி டார்ச். மூன்று முறை முயன்று வலையில் வந்தது ஒரு பழைய டீ கிளாஸ்தான். கடைக்கு நேரமாகிவிட்டது என்று மீரான் கிளம்பினார். ஆனால் திருமூர்த்தி கவலைப்படவில்லை. அவருடைய பம்ப் குற்றவாளி இல்லை. வடிகட்டியைப் பிய்த்து எறிந்தார். சீவாத புது இம்பெல்லரை மாட்டினார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் தெளிந்து கண்ணாடியாக நின்றது.

சனிக்கிழமை காலை நான்கு இறால் இருந்தன. பத்தரை மணிக்குக் கீதா வந்தார்.

திருமூர்த்தி எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னார். காந்தக் கோலையும் மறைக்கவில்லை. கீதா பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்.

"மீன் எங்கீங்க?"

மணல் இருந்தது. திருமூர்த்தி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தார். மீரானுக்குத் தெரிந்த கோடு இப்போது தெரியவில்லை, ராத்திரி நன்றாகத் தின்றுவிட்டு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். இருட்டினால்தான் எழும் என்று பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. அழகிரிசாமி ஷட்டரை இறக்கினார், விளக்குகளை அணைத்தார். மூன்று பேரும் ஆயில் வாசனைக்கு நடுவில் கும்மிருட்டில் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் நின்றார்கள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது நான்கு இறாலும் நிம்மதியாக உலாவிக்கொண்டிருந்தன. மணல் மணலாகவே இருந்தது.

விளக்கைப் போட்டார்கள். கீதா சுவரில் ஒட்டியிருந்த தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"மீன் உள்ளே இருக்குதுன்னு வெச்சுக்குவோமுங்க. நீங்க பொய் சொல்ற ஆளு இல்லைன்னு தெரியுது. ஆனா இறால் போனதெல்லாம் ராத்திரியில. ராத்திரியில மீனும் முழிச்சிருந்துது, பம்ப்பும் ஓடிட்டிருந்துது. 'இரவு பகல் ஓட்டம்'னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுல எத்தனையை மீன் தின்னுது, எத்தனையைப் பம்ப்பு இழுத்துதுன்னு நான் எப்புடி நம்பறது?"

திருமூர்த்தி இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் பெயர் போட்ட அந்தப் பம்ப்பைப் பார்த்தார். அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கீதா கைப்பையைத் தோளில் மாட்டினார்.

வாசலில் விளக்குமாறோடு காத்திருந்த பழனாத்தாள் உள்ளே ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

"ஏனுங்ணா, சனிக்கிழமை சொல்லச் சொன்னீங்களே, அதைத்தானுங்க சொல்ல வந்தேன்: ராத்திரியில பம்ப்பு எங்கீங்க ஓடுச்சு, நீங்க செவுத்துல எழுதிப்போட்ட மாதிரி தெனமும் சாயங்காலம் கடைசியாப் போறப்ப நான் எல்லா சுவிட்சோட அதையும் நிறுத்திப்போட்டு, காத்தால வந்துதானுங்க போடுவேன், தண்ணி ஓட்டம் நின்னு இருட்டானாத்தான் அந்தத் தட்டை மீனு மணலை உதறிப்போட்டு எந்திரிச்சு வரும், பூட்டறப்ப நானே பாத்தனுங்க, வேணும்னா இப்பவே பம்ப்பை நிறுத்திப்போட்டு லைட்டை அணைச்சுப் பாருங்க."